ஒரே ஒரு எரிநட்சத்திரம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், அன்றிரவு வானத்திலிருந்து எரிநட்சத்திரங்கள் பொழியவிருந்தன. அந்த ஏற்பாட்டைச் செய்ததே தான்தான் என்பதுபோல ஸ்டூடியோக்காரர் மொட்டைமாடி ஏறினார். பதினெட்டு வருஷமாக பாஸ்போர்ட் சைஸ் படமே எடுத்து, அவருக்குப் பெயரே ‘பாஸ்போர்ட்’ என்றாகியிருந்தது. போட்டோக்காரர்கள் சங்கத்தின் போட்டிக்குக் காலை ஒன்பதுக்குள் ஒரு வானப் படம் அனுப்பி ஜெயித்துவிட்டால் அந்தப் பெயர் ஒழியும்.

கேமராவைக் கிழக்கே வைத்தார், மேற்கே விழுந்தது. மேற்கே திருப்பினார், கிழக்கே விழுந்தது. பேட்டரியைக் கழற்றினார், மாட்டினார், லென்ஸைத் துடைத்தார், படியிறங்கி இன்னொரு பேட்டரி கொண்டுவந்தார். இருப்புக்கொள்ளவில்லை.

மச்சினன் பாயில் மல்லாந்து கிடந்தான்.

“அத்தான், எனக்கு இதோட பன்னெண்டு. உங்களுக்கு?”

“வாய மூடிட்டுப் படு.”

“அதுங்ககிட்டயும் தாடைய கொஞ்சம் தூக்குங்கன்னு ஒரு வார்த்த சொல்லிப் பாருங்களேன். கடைக்கு வர்றவங்க மாதிரி அசையாம நின்னாலும் நிக்கும்.”

மூன்றரை மணிக்கு, முந்நூற்றுச் சொச்சம் படங்களில் ஒன்றே ஒன்றில், நட்சத்திரக் கூட்டத்துக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. மச்சினனே எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

“நெஜமாவே நல்லாருக்கு அத்தான்.”

அவன் கேலி செய்யாதது அவருக்குப் பயமாக இருந்தது.

கீழே வந்து, அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். காலை வாடிக்கையாளர்களுக்காக, வழக்கம்போல கேமரா கார்டை மொத்தமாக அழித்தார். கடைப் படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் திருத்தித் தரும் மனைவியை எழுப்பி, “இத கொஞ்சம் க்ளீன் பண்ணி வை, போட்டிக்குப் போவுது” என்று சொல்லிவிட்டுச் சாய்ந்தார். ஓரத்தை வெட்டி, அளவைச் சரிசெய்யச் சொன்னதாக அவர் நினைப்பு. ஆனால் அந்தக் கடையில் க்ளீன் என்றால் ஒரே அர்த்தம்தான்: பரு, தழும்பு, கீறல் எதுவும் இருக்கக் கூடாது.

தூக்கம் வரவில்லை. புரண்டு புரண்டு படுத்துவிட்டு, ஏழேமுக்காலுக்கு எழுந்து வந்தார். மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

“இப்படி ஒரு படத்த நான் பாத்ததே இல்லங்க. பூரா புள்ளி. போட்டிக்குப் போறதாச்சேன்னு ஒண்ணு விடல. நடுவுல பெரிய கீறல் வேற, அத மொதல்லயே எடுத்துட்டேன்.”

“பழைய படம்?”

“அது மேலயேதான் சேவ் பண்ணேன். எப்பவும் அப்படித்தான?”

திரை கன்னங்கரேலென்று, மாசுமருவில்லாமல் இருந்தது. அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

விடிந்து வெகுநேரமாகியிருந்தது.