நிழலில் காய வேண்டிய தீவனம்

கீழ்க்குளத்தில் அன்று காலை மட்டும் முப்பது கட்லா மீன் செத்து மிதந்தது. ஒன்றை எடுத்துச் செவுளைத் திறந்து பார்த்தாள் வள்ளிக்கண்ணு. ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டியது ஊறிப்போன பஞ்சு மாதிரி வெளுத்து அழுகியிருந்தது. அடிவயிறு எரிந்தது அவளுக்கு.

எரியாதா, நீங்களே சொல்லுங்கள் கண்ணுகளா. ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தால் செவுள் நோயும் கூடவே வரும் என்று போன வருஷமே பட்டவள். இந்தத் தடவை பதினைந்து நாள் முந்தியே டவுனில் பரக்கத் அலி பாயின் தீவனக் கடையில் மீனுக்கான சத்துப்பொடி வாங்கிவிட்டாள். பூண்டும் வைட்டமினும் சேர்ந்த பொடி. ஆறின கஞ்சியில் கரைத்து, தீவனத்தில் பிசறி, நிழலில் காயவைத்துப் போட வேண்டும். ஸ்ரீரங்கத்துப் பக்கம் மேலூரில் அவர்களுக்கு இரண்டு மீன்குளம். மேல்குளத்தை அவள் பார்த்தாள், கீழ்க்குளத்தைப் புருஷன் பிச்சை பார்த்தார். ஒருநாள் தவறாமல் போட்டார்கள். போட்டும் இந்தக் கதி.

செத்த மீனைப் பையில் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். ஸ்ரீரங்கத்தில் ஏறிய பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவள் நேரே கடைக்குள் போய், பாயின் மேசைமேல் மீனைப் போட்டாள்.

"உங்க பொடி காப்பாத்துன லட்சணத்தைப் பாருங்க."

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். சுண்ணாம்பைக் கலந்து விற்கிறீர்களா, படிக்காதவள்தானே என்ற எண்ணமா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டாள். பாய் பொறுமையாகச் செவுளைத் திறந்து பார்த்தார்.

"ரெண்டு குளத்துலயுமாம்மா சாவுது?"

கீழ்க்குளத்தில் மட்டும்தான் என்றாள். மேல்குளத்தில் ஒன்றுகூடச் சாகவில்லை.

"ரெண்டுக்கும் ஒரே டப்பாதானே?"

ஆமாம் என்று தலையாட்டினாள். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசில்லாமல், இனி இந்தக் கடை வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியேறினாள்.

மேலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் அப்படியே நின்றாள். தார்ரோட்டில் பாதியை அடைத்துக் கீழ்க்குளத்துத் தீவனம் பரப்பிக் கிடந்தது. வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் கல் வரிசை. உச்சி வெயிலில், நெல்லைக் கிண்டுகிற மாதிரி காலால் கிண்டிக்கொண்டிருந்தார் பிச்சை.

ஒரு கை அள்ளி மோந்து பார்த்தாள். பூண்டு வாசனையே இல்லை. வறுத்த தவிட்டு வாசனைதான் வந்தது.

"வெயில் பட்டா சத்து செத்துப்போகும்னு மொத நாளே சொன்னேனா இல்லையா?"

"நெல்லையே வெயில்லதான் காயவைக்கிறோம். இது என்ன, நெல்லைவிட ஒசத்தியா?"

அவள் மேல்குளத்தில் இருந்த நேரத்தில் இத்தனை நாளும் இப்படித்தான். நிழலில் காய்ந்ததை அவர் காய்ந்ததாகவே ஒத்துக்கொள்ள மாட்டார். இனிமேல் பொடியை இரண்டு மடங்காகப் போட்டுவிடலாம் என்று வேறு சமாதானம் சொன்னார்.

"செவுள் அழுகுன மீன் தீவனத்தைத் தொடுமா? அது திங்கிற நாள்ல மீனுக்குப் போடல நீங்க, வெயிலுக்குப் போட்டீங்க."

பாயின் மேசைமேல் மீனை வீசியது நினைவுக்கு வந்தது. கோபம் இரட்டிப்பானது.

"கீழ்க்குளத்து வலை மேல்குளத்துப் பக்கம் வரக் கூடாது, நோய் தொத்திக்கும். இருக்கிறதையாவது காப்பாத்தணும். நாளைக்கு என்கூடக் கடைக்கு வாங்க. நாலு பேர் இருக்கிறப்ப, வெயில்ல போட்டது நான்தான்னு உங்க வாயால சொல்லணும்."

"நீ பேசுனதுக்கு நான் எதுக்கு..."

வள்ளிக்கண்ணு ஓரத்துக் கற்களை ஒவ்வொன்றாகக் காலால் எத்தித் தள்ளினாள். டவுன் பஸ் வந்தது. தீவனத்தின் மேலேயே ஏறிப் போனது.

பிச்சை சக்கரத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எத்தனை மணி பஸ்ஸுக்குப் போகணும்?"