சந்திரசேகரனை மன்னிக்கும் வேலை

ஞானஸ்நானம் எடுத்தபோது தனக்கோடி விட்ட பழக்கங்களில் பீடியும் சாராயமும் சுலபமாகப் போய்விட்டன. போக மாட்டேன் என்று அடம்பிடித்தது கோபம்தான். பெங்களூர் பீன்யாவில் வெல்டர் வேலை. ஒரு காலத்தில் ஃபேக்டரியில் தகராறு என்றால் முதலில் அவருக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். அப்படிப்பட்டவரின் தலைக்கு மேலே, தொண்ணூற்றேழாம் வருஷம், சந்திரசேகரன் குடிவந்தார்.

லிங்கராஜபுரத்தில் அந்தக் காம்பவுண்டுக்குள் இரண்டே வீடு. கீழே தனக்கோடியும் மனைவி மரகதமும். மாடியில், அரசு ஆபீசில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்ற சந்திரசேகரனும் அவர் மனைவி ராஜலக்ஷ்மியும். இரண்டு வீட்டுக்கும் ஒரே பித்தளைக் குழாய். தண்ணீர் மேலே ஏறத் தெம்பில்லாமல் வரும் என்பதால், தரையில் முழ ஆழத்துக்குக் குழி வெட்டி அதற்குள் குழாயை வைத்திருந்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை ஆறு மணிக்குக் காவேரித் தண்ணீர் வரும்.

வந்த முதல் வாரமே சந்திரசேகரன் எந்த ஊர், என்ன ஆளுங்க, எப்போது கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினீர்கள் என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டார். தனக்கோடியும் ஒளிக்காமல் சொன்னார். மறுநாள் மரகதம் தண்ணீர் பிடித்து நகர்ந்ததும், சந்திரசேகரன் ஓர் உருண்டை புளியோடு குழிக்குள் குனிந்தார். குழாயை அழுத்தித் தேய்த்தார். அந்தக் குழாய்த் தண்ணீரையே மூன்று சொம்பு பிடித்து அந்தக் குழாயின் மேலேயே ஊற்றி அலம்பினார். அதற்குப் பிறகுதான் தன் குடத்தை வைத்தார்.

"சாமிய மாத்திக்கிட்டா ஆளு மாறிடுமா?" என்று மாடியைப் பார்த்து மனைவியிடம் சொன்னார், கீழே நன்றாகக் கேட்கிற மாதிரி.

தனக்கோடியின் கை தானாக லுங்கியை மடித்துக் கட்டியது. மரகதம் குறுக்கே வந்து நின்றாள்.

"இன்னாய்யா, எங்க கெளம்பிட்ட?"

"சும்மா ஒரு வார்த்த பேசிட்டு வரேன்."

"உன் ஒரு வார்த்த எனக்குத் தெரியும். போன தடவ ஃபேக்டரில நீ பேசினதுக்கு ஒருத்தனுக்கு ஏழு தையல்."

ஞாயிற்றுக்கிழமை தனக்கோடி பாஸ்டரிடம் முறையிட்டார். வெறுக்கிறவருக்கு நன்மை செய்ய வேண்டும், அவருக்காக தினமும் ஜெபம் பண்ண வேண்டும் என்றார் பாஸ்டர்.

"நன்மைன்னா எந்த மாதிரி பாஸ்டர்?"

"அவருக்கு எது சிரமமோ, அதைக் கொஞ்சம் குறைச்சுக் கொடுங்க பிரதர்."

திங்கட்கிழமை பீன்யா போய்ச் சேருகிற வரைக்கும் பஸ்ஸில் தனக்கோடி யோசித்தார். சந்திரசேகரனின் பெரிய சிரமம் எது? குழாய் தேய்ப்பதுதான். அடுத்த தண்ணீர் நாளன்று, மரகதம் பிடித்து முடித்ததும் தனக்கோடியே புளியும் உப்பும் தேங்காய் நாருமாகக் குழிக்குள் இறங்கிவிட்டார். சந்திரசேகரன் வந்தபோது குழாய் நகைக்கடையில் வைத்தது போல மின்னியது.

"நீங்க சிரமப்படாதீங்க சார், நானே தேச்சுட்டேன். பாருங்க, மூஞ்சி தெரியுது."

சந்திரசேகரன் குனிந்து பார்த்தார். முகம் தெரிந்தது. அது சிவந்துகொண்டு வந்தது.

"நீ தொட்டதுக்குத்தானேய்யா நான் தேய்க்கிறேன்!" என்று, அன்றைக்கு இரண்டு உருண்டை புளி போட்டுத் தேய்த்தார்.

இப்படியே நாலு மாதம் ஓடியது. இவர் தேய்க்க, அவர் தேய்க்க, குழாயின் கழுத்தே இளைத்துவிட்டது. "உங்க காம்பவுண்டுல தெனமும் புளிக்குழம்புதானா?" என்று மளிகைக்கடை முனியப்பன் கேட்டார்.

ஒருநாள் மரகதம் சொன்னாள்: "நீ அன்புல தேய்க்கல. அந்தாளு வெக்கப்பட்டுச் சாகணும்னு தேய்க்கிற."

"எதுல தேச்சா இன்னா? அடிக்கல இல்ல?"

"அடிச்சிருந்தா ஒரே நாளோட போயிருக்கும்."

அந்தப் பேச்சு தனக்கோடியைச் சுருக்கென்று குத்தியது, உண்மையாக இருந்ததால். முழங்கால் போட்டு, "ஆண்டவரே, மாடி வீட்டுக்காரரை ஆசீர்வதியும்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் பல் கடிபடும். "அதுக்கு முன்னாடி அவருக்குக் கொஞ்சம் புத்தி குடும்" என்ற வரி தன்னால் வந்து சேர்ந்துகொள்ளும்.

மழை பெய்து விட்டிருந்த ஒரு காலையில் வெளியே "அம்மா!" என்று அலறல் கேட்டது. சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியிருந்த தனக்கோடி ஓடினார். சந்திரசேகரன் குழிக்குள் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. குடம் நிரம்பி வழிந்து அவர் காலை நனைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ராஜலக்ஷ்மி கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"சார், தூக்கட்டுமா?"

"தொடாத!"

தனக்கோடி ஓரடி பின்னால் போனார்.

"ஐயோ, போகாத!"

இரண்டுக்கும் நடுவில் தனக்கோடி நின்றார். நாலு மாதமாக இப்படி ஒரு காட்சி கிடைக்காதா என்று ஏங்கியவர்தான். கிடைத்துவிட்டது. ஆனால் நரைத்த தலையையும், பனியனில் இருந்த இரண்டு ஓட்டைகளையும், புளியை விடாமல் பிடித்திருந்த கையையும் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. சேர்த்து வைத்திருந்த ஆத்திரத்தைத் தேடினார். அதையும் காணோம். முதலில் குழாயை மூடினார்.

பிறகு பையிலிருந்து, முழங்கை வரைக்கும் வருகிற தோல் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"சார், இது கம்பெனி கிளவுஸ். நெருப்புப் பொறியே உள்ள வராது. அதே மாதிரி நானும் வெளிய வர மாட்டேன். இப்ப தூக்கலாமா?"

சந்திரசேகரன் யோசித்தார். அந்த வலியிலும் யோசித்தார்.

"இப்பக்கூட என்னங்க யோசனை!" என்று ராஜலக்ஷ்மி வெடித்தார். "தம்பி, அவரைக் கேக்காதீங்க, தூக்குங்க!"

தனக்கோடி அவரை மடங்கின வாக்கிலேயே அலுங்காமல் தூக்கி, தெருமுனைக்குக் கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றினார். சீட்டில் உட்கார இடுப்பு இடம் கொடுக்கவில்லை. அதனால் சந்திரசேகரன் கிளினிக் வரைக்கும் தனக்கோடியின் மடியில் குழந்தை மாதிரி குறுக்கே கிடந்தார். முதல் ஹம்ப்பில் வண்டி தூக்கிப் போட்டதும் தனக்கோடியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். இரண்டாவது ஹம்ப்பில், "அந்தக் கிளவுஸைக் கழட்டு" என்றார்.

"ஏன் சார்?"

"முதுகுல குத்துதுய்யா."

டாக்டர் ஊசி போட்டு, இரண்டு வாரம் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்றார். அந்த இரண்டு வாரமும் மாடிக்கான ஆறு குடத்தையும் தனக்கோடிதான் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் ஏற்றினார். குழாயைத் தேய்க்கிற ஞாபகமே அவருக்கு வரவில்லை. ராஜலக்ஷ்மி அந்தத் தண்ணீரில்தான் சமைத்தார். சந்திரசேகரன் படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் மரகதத்தின் கையிலிருந்து புருஷனுக்குத் தோசை ஒன்று கூடுதலாக விழுந்தது.

மூன்றாவது வாரம், ஞாயிறு காலை, இடுப்பில் பெல்ட்டோடு சந்திரசேகரன் கீழ் வீட்டு வாசலில் நின்றார்.

"உள்ள வரலாமா?"

நாற்காலியில் பையப் பைய இறங்கி உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல நான் ஒரு தப்பைக்கூட ஒத்துக்கிட்டதில்ல. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல." பிறகு தனக்கோடியை விட்டுவிட்டு மரகதத்தின் பக்கம் திரும்பினார். "உங்க கண்ணு முன்னாடியே அலம்பினேன். காதுல விழணும்னே பேசினேன். நீங்கதாம்மா மன்னிக்கணும்."

மரகதம் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"வலிச்சுது சார்," என்றாள். "ஒவ்வொரு தடவையும் வலிச்சுது. ஜெபத்துல அழுது அழுது உங்கள மன்னிச்சேன். மறுநா புளியப் பாத்தா, திரும்ப மொதல்லேர்ந்து மன்னிக்கணும். இனிமே அந்த வேலை கொறையும்."

சந்திரசேகரன் தலையைக் குனிந்துகொண்டார். தன் மனைவி அழுதாள் என்பதே தனக்கோடிக்கு அன்றுதான் தெரியும்.

"சார், நானும் ஒண்ணு சொல்லிடறேன்," என்றார். "நான் கொழாய் தேச்சது உங்கள வெக்கப்படுத்தத்தான். நல்ல மனசோட தேய்க்கல. நீங்களும் மன்னிச்சுடுங்க."

"அது எனக்கு மொத நாளே தெரியும்," என்றார் சந்திரசேகரன். "அதனாலதான் நானும் விடல."

தனக்கோடி சிரித்துவிட்டார். சந்திரசேகரனும் சிரிக்கப் போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றார்.

மரகதம் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் கொண்டுவந்து வைத்தாள். சந்திரசேகரன் முதல் இட்லியை ஆபீஸ் ஃபைலைப் பார்ப்பது போலப் பார்த்தார். மற்ற மூன்றையும் பார்க்காமலே சாப்பிட்டார். ஐந்தாவதை மரகதம் எடுத்தபோது வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். தட்டை மட்டும் நகர்த்தவில்லை.