காவல் நிலையத்துக்குத் தூக்கிப்போன தட்டச்சுப்பொறி

தட்டச்சுப்பொறியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மிலிட்சியா என்னும் காவல்படையின் நிலைய நடைவழியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் நான்கு பேர். சொந்தப் பொறி வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை அதைத் தூக்கிவந்து, காவலர்கள் கொடுக்கும் பத்தியை அவர்கள் கண்ணெதிரே அடித்துக்காட்ட வேண்டும். அந்தத் தாள் கோப்புக்குப் போகும். எங்காவது பெயரில்லாக் கடிதம் அகப்பட்டால் எழுத்துகளை ஒப்பிட்டு ஆளைப் பிடித்துவிடலாம்.

நான் அடித்த கடிதம் ஒன்று ஏற்கனவே வெளியே இருந்தது. மாலைக் கல்லூரியில் என் பக்கத்தில் உட்காரும் டோம்னிகாவின் தம்பி சபின், ரயில்பெட்டித் தொழிற்சாலைக் கூட்டத்தில் எழுந்து, மூன்று பேரின் விரல்களைத் தின்ற இயந்திரத்துக்கு ஏன் மூடி போடவில்லை என்று கேட்டான். மறுவாரம் அவனை மனநல மருத்துவமனையில் அடைத்தார்கள். அவனை விடுவிக்கக் கோரி டோம்னிகா சொல்லச்சொல்ல, கீழே பெயர் போடாமல் நான் அடித்தேன். டிசம்பரில் கடிதம் எல்லை தாண்டியது. வெளிநாட்டு வானொலி அதை வாசித்தது.

என் பொறியில் ‘டி’ எழுத்து வலப்பக்கம் சாய்ந்து விழும். அடிக்கும்போது இது எனக்கு உறைக்கவே இல்லை. ஞாயிறு மதியம் குறடு எடுத்து அதை நிமிர்த்தினேன். நிமிர்த்திய பிறகுதான், போன வருடத் தாளில் அது சாய்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. திரும்ப வளைத்தேன். இப்போது இடப்பக்கம் சாய்ந்தது. எதையும் வரிசைப்படி யோசித்துச் செய்கிறவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

சார்ஜென்ட் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“என்னம்மா, போன வருஷம் இந்தப் பக்கம் சாஞ்சுது, இப்ப அந்தப் பக்கம் சாயுது?”

“கீழ விழுந்துருச்சுங்க, தோழர்.”

“எங்க மாமியாரும்தான் போன வாரம் படியில உருண்டாங்க. ஒண்ணும் சாயல.” முத்திரையைக் குத்தினார். “இனிமே பத்திரமா வெச்சுக்க. அடுத்த ஆளு!”

வெளியே வந்தும் நிம்மதி வரவில்லை. அந்தப் பழைய தாள் அங்கேதானே இருக்கிறது? யாரோ ஒருவர் நிதானமாக ஒப்பிட்டால் போதும். நேராக டோம்னிகாவின் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தது சபின். தலை மழிக்கப்பட்டிருந்தது. சட்டைக் காலருக்குள் கழுத்து மிகச் சிறியதாக இருந்தது.

“காலையில விட்டுட்டாங்க,” என்றாள் டோம்னிகா, அழுதுகொண்டே சிரித்து. “ஏன்டி அந்தக் கல்லைச் சுமந்துகிட்டு நிக்கிற? கீழ வை.”

நான் சாய்ந்த எழுத்தைப் பற்றி ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

“லீவியா, நீ அடிச்சது எதுவும் போகலடி. அன்னைக்கே அடுப்புல போட்டுட்டேன். நானே கையால எழுதி, கீழ என் பேரையும் விலாசத்தையும் போட்டு அனுப்பினேன். என் தம்பிதானே.”

“ஏன் சொல்லல?”

“மூணு நாளா உக்காந்து அடிச்சியே, நீ கோவிச்சுக்குவியோன்னு பயந்தேன். அப்புறம் என்னைக் கூப்பிட்டு விசாரிச்சப்ப, உனக்கு எதுவும் தெரியாம இருக்கறதே நல்லதுன்னு விட்டுட்டேன்.”

“உன்னை விசாரிச்சாங்களா?”

“நாலு தடவை.”

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. பொறியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசையை மாற்றி எழுதப் பார்த்தேன், முடியவில்லை.

சபின் ஜன்னலருகே போய் நின்றான்.

“அக்கா, திறந்துக்கலாமா?”

“உன் வீடுடா. கேக்காத.”

கொண்டியில் விரலை வைத்தபடி, யாராவது தடுப்பார்கள் என்பதுபோல் சற்று நேரம் நின்றான். பிறகு இரண்டு கதவுகளையும் அகலத் தள்ளினான். பிப்ரவரிக் குளிர் மேசைவரை வந்தது. டோம்னிகா எழுந்து என் தோளில் ஒரு கோட்டைப் போட்டாள், தானும் ஒன்றை மாட்டிக்கொண்டாள். ஜன்னலை மூட யாரும் எழவில்லை. அவன் முழங்கைகளை விளிம்பில் ஊன்றி, கீழே டிராம் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தான்.