விழத் தெரிந்தவள்

மூடிப்போன கடை எங்கேயாவது போன் பேசுமா? பேசித்தான் ஆக வேண்டும் என்றார் மருந்துக்கடைக்காரர்.

என் வீட்டுக்காரருக்கு வலிப்பு உண்டு. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரை போட்டுக்கொண்டால் அது வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். தவறினால் நின்ற இடத்தில் சாய்ந்துவிடுவார். அவர் நிற்கிற இடமோ ரொட்டிக்கடை அடுப்பின் வாய். மாத்திரை டப்பாவின் அடி தெரிய ஆரம்பித்தாலே நான் மருந்துக்கடைக்கு ஓடிவிடுவேன்.

வழக்கமாக வாங்கும் கடையைத் திடுதிப்பென்று மூடிவிட்டார்கள். டாக்டர் எழுதிய சீட்டு அந்தக் கடையில் பதிந்து கிடக்கிறது. இன்னும் பல மாதம் அதை வைத்தே வாங்கலாம். சரி, வேறு கடைக்கு மாற்றிக்கொள்வோம் என்று பக்கத்துத் தெருவுக்குப் போனோம். அங்கே இருந்தவருக்கு 'சட்டம்' என்று நான்தான் பேர் வைத்தேன். தும்மல் வந்தால்கூட விதி இடம் கொடுக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தும்முவார். பழைய கடைக்காரர் போன் செய்து, இந்த நோயாளியை விட்டுக்கொடுக்கிறோம் என்று சொல்ல வேண்டுமாம்.

"கடையே மூடிட்டாங்களே" என்றேன்.

"மூடறதுக்கு முன்னாடி பண்ணியிருக்கணும்."

டாக்டரிடம் ஓடினோம். ஒரு சீட்டு உயிரோடு இருக்கும்போது இன்னொன்று எழுதக் கூடாதாம். அதை ரத்து செய்ய யாரால் முடியும்? பழைய கடைக்காரரால்தான். ஆக, கடை செத்துவிட்டது, சீட்டு உயிரோடு இருக்கிறது. என் புருஷன் உயிரைப் பற்றி மட்டும் எந்த விதியிலும் பேச்சில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டாக்டரின் மேசையைக் கவிழ்த்திருப்பேன். இவர்தான் என் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

மறுபடியும் சட்டத்திடம் போய் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். அவருக்கும் கொஞ்சம் மனசு இளகியது போல. இதற்கும் ஒரு விதி இருக்கிறது என்றார். கடைக்குள்ளேயே யாருக்காவது வலிப்பு வந்தால், மாடியில் இருக்கும் டாக்டர் இறங்கி வந்து அங்கேயே புதுச் சீட்டு எழுதலாம்.

"வந்தப்புறம்தான் தருவீங்களா?"

"வராமப் போயிட்டா மருந்து வீண்தானே."

அன்றைக்கு டப்பாவில் மிச்சம் இருந்தது ராத்திரிக்கான மாத்திரை மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் நாற்காலிகளை ஓரம் கட்டிவிட்டு, நாளைக்குக் கடையில் விழ வேண்டும், இப்போதே விழுந்து பழகுங்கள் என்றேன். மனுஷர் பாயில் படுத்துத் தூங்குகிறவர் மாதிரி பதவிசாகப் படுத்தார். கையை உதறுங்கள் என்றால் டாட்டா காட்டுகிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"அது எப்படி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? அது வர்றப்போ நான் இருக்கறதில்லையே" என்றார்.

உண்மைதான். பார்த்தவள் நான். பக்கத்தில் உட்கார்ந்து, தலைக்குக் கீழே கை கொடுத்து, எப்போது நிற்கும் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தவள் நான் ஒருத்திதான்.

மறுநாள் காலை கடையில் நல்ல கூட்டம். ம், விழுங்கள் என்று கண்ணைக் காட்டினேன். இவர் வேர்த்து விறுவிறுத்து, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நின்றார். பொறுத்துப் பார்த்தேன், ஆகவில்லை. நானே விழுந்தேன்.

என்ன சொல்வது, பிரமாதமாக விழுந்தேன். சட்டமே கவுண்டரைத் தாண்டிக் குதித்து வந்தார். மாடி டாக்டர் இறங்கி வந்து, இந்த அம்மா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். இவருக்குப் பொய் வராது. தெரிந்த ஒரே மாத்திரையின் பேரைச் சொன்னார். அதே மாத்திரை, அதே அளவு, என் பேரில் எழுதப்பட்டது. அன்றைக்கு முதல் என் மாத்திரையை இவர் சாப்பிடுகிறார்.

அதற்குப் பிறகு எனக்கு ராஜ உபசாரம்தான். டப்பா காலியாகும் முன்பே சட்டம் போன் செய்து, "மாத்திரை ரெடிம்மா, மறந்துடாதீங்க" என்பார். இல்லாத நோய்க்கு எல்லா விதியும் வழிவிட்டது. இவர் அடுப்படியில் பயமில்லாமல் நின்றார். நானும் நிம்மதியாக என் வேலையைப் பார்த்தேன்.

என் வேலையை இன்னும் சொல்லவில்லையே. சலவைக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறேன். ஓட்டினேன். போன வாரம் முதலாளி கூப்பிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். வலிப்புக்காரர்களின் பேரை டாக்டர்கள் லைசென்ஸ் ஆபீசுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு விதி. மாடி டாக்டரும் விதியை மீறாதவர்தான்.

வெட்கத்தை விட்டு அவரிடம் போய், எனக்கு ஒரு நோயும் இல்லை என்றேன். ரொம்பச் சந்தோஷம் என்றார். இன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிடலாம், ஒரு வருஷம் வலிப்பு வராமல் இருந்தால் அவரே சர்டிபிகேட் தருவாராம். நிறுத்தினால் என் பேரில் மாத்திரை வராது. என் வீட்டுக்காரர் பேரில் இன்னும் அந்தச் செத்த கடையில்தான் சீட்டு கிடக்கிறது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் இவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சாவி எப்போது கிடைக்குமாம், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

"மாத்திரையை விடாமச் சாப்பிடச் சொன்னார்" என்றேன்.

டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு அவர் கையில் கொடுத்தேன்.