சாப்பாட்டுக்கு முன்னால் சொன்னது

எங்கள் சபைப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வரவேண்டுமானால், சபையைச் சேர்ந்த இரண்டு பேர் அதை முதலில் படித்து, குற்றம் இல்லை என்று அடியில் கையெழுத்துப் போடவேண்டும். அது விதி. எழுதியவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவோம். அது வழக்கம். விதியை எழுதிவைத்தவர் தலைவர் வீரசிங்கம். வழக்கத்தை யார் ஏற்படுத்தினார்கள் என்று தெரியாது. இலை எடுத்ததும் கட்டுரையை எடுத்து வைப்பார்கள். மை தொட்ட பேனாவும் தயாராக இருக்கும். வயிறு நிறைந்திருக்கும்போது யாரும் குறை சொன்னதில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேல் அறை பிடித்து நடந்த சபை அது. மனோதத்துவ சபை என்று பெயர். பள்ளிக்கூட மாஸ்டர்கள், ரயில்வே கிளார்க்குகள், காயத்துக்கு மருந்து கட்டுகிற ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஒருவர். மனுஷ மனசு எப்படி வேலை செய்கிறது என்று இங்கிலீஷ் புத்தகங்களில் படித்ததைத் தமிழில் பேசுவோம். சிலர் தாங்களே பரீட்சை செய்து பார்த்தும் எழுதுவார்கள். நான் கூட்ஸ் ஷெட்டில் கணக்கெழுதுகிறவன். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மீதியை அகராதியை வைத்துக்கொண்டு நானே படித்தேன். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து வெகுநாள் ஆகிவிட்டது. அம்மா இறந்த பிறகு ஊரிலிருந்து கடிதம் வருவதில்லை. நானும் எழுதுவதில்லை.

எனக்கு இந்த ஊரில் இருந்தது ஒரே ஒரு வீடு. சண்முகரத்தினம் மாஸ்டர் வீடு. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே சாப்பிடுவேன். அவர் மனைவி கனகேஸ்வரி அக்கா கூப்பிட்டு வைத்ததில்லை, நானும் கேட்டுப் போனதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன், அப்படியே ஆகிவிட்டது. மற்ற ஆறு நாளும் நான் வேலை சம்பந்தமாகப் பேசுவது தவிர வேறு பேச்சு கிடையாது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பியது முடிந்து, மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கிய சமயம். மாஸ்டர் ஒரு கட்டுரை எழுதினார். தோட்டத்துப் பிள்ளைகளின் ஞாபகசக்தி பற்றியது. ஒரு தட்டில் சீப்பு, பூட்டு, பென்சில், வெற்றிலை மாதிரிச் சில சாமான்களை வைத்துக் காட்டி, துணியால் மூடி, என்னென்ன பார்த்தாய் என்று கேட்கிற பரீட்சை. டவுன் பிள்ளைகளுக்குச் செய்தார். கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலும் செய்தார். டவுன் பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சொன்னார்கள். தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் ஒன்றுமே சொல்லவில்லை. ஆகவே தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில் இரண்டாம் வகுப்புக்கு மேல் நடத்துவது வீண் என்று கட்டுரை முடிந்தது. தோட்டத்துத் துரை பிரதி கேட்டிருப்பதாகவும் மாஸ்டர் சொன்னார்.

கையெழுத்துக்கு என்னையும் செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப் கிளார்க் இராமலிங்கத்தையும் போட்டிருந்தார்கள்.

"படிச்சிட்டீங்களாண்ணே?" என்று இராமலிங்கத்தைக் கேட்டேன்.

"மொதப் பக்கமும் கடைசிப் பக்கமும் படிச்சேன். நடுவுல இருக்கறது மாஸ்டருக்கும் அந்தப் புள்ளைங்களுக்கும் உள்ள வெவகாரம், நாம எதுக்கு அதுல போய் மூக்க நொழைக்கணும்? அக்கா நண்டுக்கறி வெக்கிறாங்களாம். ஞாயித்துக்கெழம வந்து சேரு."

நான் நடுவில் இருந்ததையும் படித்தேன். பரீட்சை ஆபீஸ் வராந்தாவில் நடந்தது என்றும், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி கிராணி உதவினார் என்றும் ஒரு வரி இருந்தது. தோட்டத்து ஆபீசையும், காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற பெரட்டையும் பார்த்துக்கொள்கிற ஆள் கிராணி. அந்த வரியில் எனக்கு ஏதோ இடறியது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. மாஸ்டரிடமே போய், நானும் ஒரு தடவை செய்து பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"தாராளமாய்ப் போய்ப் பாரும்," என்றார். அவருக்குச் சந்தோஷம்தான். "தட்டையும் சாமானையும் கொண்டு போம். கிராணிக்கு நான் கடிதம் தாறன். எங்கட சபையில இவ்வளவு அக்கறையா ஒருத்தரும் படிச்சதில்லை காணும்."

லீவு போட்டுவிட்டுக் கிள்ளான் ரயிலில் போனேன். கிராணி நல்ல மரியாதை செய்தார். நாற்காலி போட்டார், சோடா வரவழைத்தார். பிள்ளைகளை வராந்தாவில் நிறுத்தினார். என் வேலைக்கு முன்னால் தன் வேலையை முடித்துக்கொண்டார்.

"ஆபீசு பின்னால இருந்த பப்பாளியப் பறிச்சது யாரு?"

பிள்ளைகள் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பறிச்சவன் சொல்ல மாட்டான். பாத்தவன் சொல்லு. நீ பாத்தியா?"

"தெரியாதுங்கய்யா."

"நீ?"

"தெரியாதுங்கய்யா."

வரிசை முழுக்க அதே பதில். ஒருவன் தெரியாது என்று சொல்வதற்கு முன்பே அடுத்தவன் வாய் அசைந்தது. கிராணி அலுத்துப்போய் என் பக்கம் திரும்பினார். "சரி சார், இப்ப நீங்க ஆரம்பிங்க."

தட்டைக் காட்டினேன். மூடினேன். ஒரு பெண்ணைக் கேட்டேன். "என்னென்னம்மா பாத்தே?"

அது கிராணியைப் பார்த்தது. "தெரியாதுங்கய்யா."

அடுத்தவன் சீப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். அதற்கடுத்தவன் தெரியாதுங்கய்யா. மாஸ்டர் எழுதியிருந்தது அப்படியே வந்தது. இம்மி பிசகவில்லை.

"உங்க மாஸ்டர் வந்தப்பவும் இதே கததான்," என்றார் கிராணி. "மண்டைக்குள்ள பூரா ரப்பர் பாலு சார் இதுங்களுக்கு." சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

ரயிலுக்கு நேரம் இருந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக் கொட்டகைப் பக்கம் நிழலுக்குப் போனேன். பால் வெட்டப் போனவர்களின் கைக்குழந்தைகளை அங்கே ஏணையில் போட்டு மாரியாயி என்ற ஆயா பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்ற பிள்ளைகளும் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

"அண்ணே, அந்தப் பூட்டுக்குச் சாவி இல்லியா?" என்றான் ஒருவன். தட்டு துணி மூடித்தான் இருந்தது.

"வேற என்ன இருக்கு உள்ள?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான். எல்லாரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். சீப்பு, அதில் பல் உடைந்திருக்கிறது. பென்சில், பாதி. வெற்றிலை கிழிசல். பூட்டு சீப்புக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். தெரியாதுங்கய்யா என்று சொன்ன அந்தப் பெண் நடுவில் புகுந்து, "ரெண்டும் இல்ல, பூட்டு மேல சீப்பு சாஞ்சிருந்திச்சு," என்றது. துணியை எடுத்தேன். சாய்ந்துதான் இருந்தது.

"தட்டுல என்ன இருக்குன்னு கேக்கவா டவுன்லேருந்து ரயிலேறி வந்தீங்க?" என்றாள் மாரியாயி. "இதுக்கு உங்களுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா?"

"இல்லக்கா. சும்மாத்தான்."

"சும்மாவா? அப்ப ஒடம்புக்கு எதாச்சும் முடியலியா?"

ரயிலில் யோசித்துப் பார்த்தேன். யோசிக்க அதிகம் இல்லை. அந்த வராந்தாவில் பார்த்தேன் என்று சொல்கிறவன் சாட்சிக்கு நிற்கவேண்டும். அடியும் வாங்கவேண்டும். அங்கே எதைக் கேட்டாலும் தெரியாது என்பதுதான் பதில். மாஸ்டர் அளந்தது ஞாபகத்தை இல்லை. இது தெளிவாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னால் அதற்கப்புறம் எனக்கு அந்த வீடு இருக்காது என்பதும் அதே அளவுக்குத் தெளிவாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது. இராமலிங்கம் எப்படியும் போடப்போகிறார். வெளியே ரப்பர் மரம் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. நான் எந்தப் பக்கமும் முடிவு பண்ணாமல் ஸ்டேஷனில் இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை இராமலிங்கம் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். நண்டு வாசனை வாசல் வரை வந்தது.

"வாங்கோ பக்கிரிசாமி, இருங்கோ. இப்ப இலை போடுறன்," என்றார் அக்கா.

உட்காரவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டால் என்னால் சொல்லமுடியாது என்று தெரிந்தது.

"மாஸ்டர், நான் கையெழுத்துப் போட முடியாதுங்க."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன விஷயம்?"

சொன்னேன். பப்பாளி, வராந்தா, கொட்டகை எல்லாம் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. அவரும் குறுக்கே பேசவில்லை.

"கிராணி நிண்டால் என்ன?" என்றார் கடைசியில். "டவுன் பள்ளிக்கூடத்தில நான் நிண்டனான்தானே. என்னைக் கண்டால் பெடியள் பயப்பிடுறதில்லையே?"

"நீங்க பப்பாளிக்கு அடிக்க மாட்டீங்க மாஸ்டர்."

இராமலிங்கம் சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டார். "சாப்புட்டுட்டுப் பேசுவோம்யா. நண்டு ஆறுது."

"ஓம், சாப்பிட்டிட்டுக் கதையுங்கோவன்," என்றார் அக்கா.

"அஞ்சு மாசம் எழுதினனான்," என்றார் மாஸ்டர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "உமக்கு ஒரு மத்தியானத்தில எல்லாம் விளங்கிட்டுது."

இலை போட்டார்கள். சாப்பிட்டோம். இராமலிங்கம் மட்டும் ஒர்க்‌ஷாப் கதை ஏதோ சொன்னார். கறி எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகமில்லை. இலை எடுத்த பிறகு பேனா வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போனேன். அக்கா வாசலுக்கு வந்தார். "அவர் படுத்திட்டார்," என்றார். கதவில் ஒரு கை இருந்தது. "தலையிடி." நான் சரிங்கக்கா என்று திரும்பிவிட்டேன். அதற்கடுத்த வாரம் போகவில்லை. யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவும் இல்லை.

கட்டுரை அச்சாகவில்லை. அடுத்த சபைக் கூட்டத்தில் வீரசிங்கம் எழுந்து புது விதிகளை வாசித்தார். இனி எழுதியவர் வீட்டில் சாப்பாடு கிடையாது. கட்டுரை தலைவரிடம் மட்டும் வரும். அவர் தன் கையால் நகல் எடுத்து, பெயரில்லாமல் இரண்டு பேருக்குக் கொடுப்பார். படிக்கிறவர் யார் என்பதும் எழுதியவருக்குத் தெரியக்கூடாது. வெறும் கையெழுத்துப் போதாது, என்ன சரி, என்ன தவறு என்று ஒரு தாளில் எழுதித் தரவேண்டும். முடிந்தால் பரீட்சையைத் தானும் செய்து பார்க்கவேண்டும். படித்தவர் யார் என்று யார் வாய் தவறிச் சொன்னாலும், அச்சான பிறகும்கூட, அந்தக் கட்டுரை பத்திரிகையிலிருந்து எடுக்கப்படும்.

"சாப்பாடும் கெடையாது, பேரும் கெடையாது," என்றார் இராமலிங்கம். "அப்புறம் எதுக்குத் தலைவரே படிக்கணும்?"

"கட்டுரைக்காகப் படியும்."

"புது வழக்கமால்ல இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். விதிக்கு ஆதரவாக முதலில் கை தூக்கியது சண்முகரத்தினம் மாஸ்டர். நானும் தூக்கினேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

பல மாதம் கழித்து வீரசிங்கம் என்னிடம் ஒரு நகலைக் கொடுத்தார். பெயரில்லை. அவருடைய உருண்டையான எழுத்து. தோட்டத்துப் பிள்ளைகளின் ஞாபகசக்தி. முதல் பக்கத்திலேயே யார் எழுதியது என்று தெரிந்துவிட்டது. இந்தத் தடவை மாஸ்டர் ஒரே பிள்ளைகளை இரண்டு இடத்தில் கேட்டிருந்தார். ஒருமுறை வராந்தாவில் கிராணிக்கு முன்னால். ஒருமுறை மரத்தடியில் தனியாக. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார். பள்ளிக்கூடத்தைக் குறைக்கச் சொன்ன வரி இல்லை. கேட்கிறவருக்குப் பயந்தால் பிள்ளை ஞாபகத்தை ஒளித்துவைக்கும் என்று முடித்திருந்தார். முன்பு தான் எழுதியது தவறு என்றும் ஒரு வரி இருந்தது.

வீரசிங்கத்திடம் போய், "எழுதினது யாருன்னு எனக்குத் தெரியுதுங்களே," என்றேன்.

"தெரிஞ்சாலும் தெரியாட்டியும் இதைப் படிக்க எனக்கு வேற ஆளில்லை," என்றார். "படியும். நேர்மையா எழுதும். வெளியில வாய் திறவாதையும்."

திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு குறை இருந்தது. டவுன் பிள்ளைகளையும் பிரம்பு வைத்திருக்கிற தலைமை வாத்தியாருக்கு முன்னால் ஒருமுறை கேட்டுப் பார்த்திருக்கவேண்டும். அப்போதுதான் பயம் எல்லாப் பிள்ளைக்கும் இதையே செய்கிறதா என்று தெரியும். அதை எழுதினேன். மற்றபடி நான் படித்ததில் இதுதான் நல்ல கட்டுரை, கட்டாயம் அச்சிடவேண்டும் என்று எழுதினேன். என் கையெழுத்து தெரியாமல் இருக்க வீரசிங்கம் அதையும் நகல் எடுத்தார்.

நான் குறையாகச் சொன்னதை மாஸ்டர் செய்து பார்த்தார். கட்டுரை அச்சாகி வந்தது. பத்திரிகைக் கட்டு சபை அறைக்கு வந்த அன்று எல்லாரும் மேஜையைச் சுற்றி நின்றோம். மாஸ்டர் ஒரு பிரதியைப் புரட்டிக்கொண்டே இராமலிங்கத்திடம் பேசினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"என்ர கட்டுரையைப் படிச்ச ரெண்டு பேரில ஒருத்தர் நல்ல கெட்டிக்காரன். பிரம்பு விஷயம் எனக்கு மூளையில படேல்லை. ஒரு வரியில சொல்லிப்போட்டார். ஆரெண்டு தெரிஞ்சால் வீட்டை கூப்பிட்டு ஒருநேரச் சாப்பாடு குடுக்கலாம். என்ர மனுசியும் அதைத்தான் சொன்னவ."

"சாப்பாடு போட்டுருவீங்கன்னுதானே மாஸ்டர் பேரையே மறைச்சாங்க," என்றார் இராமலிங்கம். "நான்தான்னு வெச்சுக்குங்க. என்ன கறி?"

"நீர் அப்பிடி எழுதுவீரோ? நீர் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் படிக்கிற ஆள்."

மேஜைக்கு அந்தப் பக்கம் வீரசிங்கம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மாஸ்டர் பெயர் அச்சான பத்திரிகை எங்கள் எல்லார் கையிலும் இருந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் ஒவ்வொரு பிரதியிலிருந்தும் அந்தப் பக்கங்களைக் கிழித்து எடுக்கவேண்டும். வீரசிங்கம் அதைச் செய்வார்.

"நல்லா வந்திருக்குங்க மாஸ்டர்," என்றேன்.

"ஓம்," என்றார் மாஸ்டர். மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு இராமலிங்கத்தோடு பேசிக்கொண்டே படியிறங்கினார்.

வீரசிங்கம் மேஜை இழுப்பறையைத் திறந்து இன்னொரு நகலை எடுத்து என்னிடம் நீட்டினார். கனவு பற்றியது, பெயரில்லை. அடுத்த மாதத்துக்குள் தரவேண்டும் என்றார். சரி என்று வாங்கிக்கொண்டேன்.