கொயோமிக்கும் ஒரு இடம்

பள்ளிக்கூடத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து ஹிசானோவுக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் மற்றவர்களுக்கும் கோபம்தான், ஆனால் அந்தக் கோபம் வேறு. சின்னஞ்சிறுசுகள் பாலம் தாண்டிப் போய்ப் படிக்கணுமா, நிலநடுக்கம் வந்தால் ஓடி ஒதுங்க அந்த மைதானத்தை விட்டால் வேறு எது, அங்கே வீடு கட்டி விற்கப்போகிறவன் நமக்கு மாமனா மச்சானா என்று ஆளுக்கொரு நியாயம் வைத்திருந்தார்கள். ஹிசானோவின் நியாயம் நாலு பேர் முன்னால் சொல்லக்கூடியதாக இல்லை.

அவளுடைய ஒரே மகள் கொயோமி மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது ரத்தப் புற்றுநோயில் போய்விட்டாள். கூடப் படித்த பிள்ளைகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பை முடித்துப் போகிற நாளில் அந்தப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் உரக்கக் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுப்பார்கள். இடையில் தவறிப்போன பிள்ளை இருந்தால் அதன் பெயரையும் விடமாட்டார்கள். பெற்றவள் எழுந்து "வந்தேன்" என்று பதில் சொல்லி வாங்கிக்கொள்வாள். "கொயோமி பேரையும் கூப்பிடுவோம்மா, அதுக்கு நான் பொறுப்பு" என்று தலைமையாசிரியர் சாவு வீட்டில் உட்கார்ந்தே சொல்லியிருந்தார். அந்த ஒரு நாளை நம்பித்தான் ஹிசானோ காலையில் எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே இழுத்து மூடினால் அவள் என்னதான் செய்வாள்? பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்குப் போய்க் கேட்டும் பார்த்தாள். இங்கே ஒரு நாள்கூடப் படிக்காத பிள்ளையின் பெயரை எப்படிக் கூப்பிடுவது என்று குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டு, டீ கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

புருஷன் காட்சுமி பொக்லைன் ஓட்டுகிறவன். பள்ளிக்கூடத்தை இடித்து இடத்தைச் சமன்படுத்தும் வேலை, விதியைப் பாருங்கள், அவன் முதலாளிக்கே கிடைத்திருந்தது.

"இடிச்சுத் தொலைக்கட்டும். எனக்கு அப்பத்தான் நிம்மதி" என்றான் ஒரு நாள், மிசோ சூப்பைக் கையில் வைத்துக்கொண்டு. "விடிஞ்சா அந்த மணிச் சத்தம். உனக்கு எப்படித்தான் காதுகொடுத்துக் கேக்க முடியுதோ."

"ஒரு வருஷம்தானேங்க கேக்கறேன்."

"ஒரு வருஷம் கழிச்சு பேரக் கூப்பிட்டா எந்திரிச்சு வந்துடுவாளா?"

சொன்ன வேகத்தில் சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். அவனைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வருஷமாக மகள் பெயரை அவன் வாயால் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொன்னால் உடைந்துபோவோம் என்று பயந்து கிடந்தான், பாவி.

நவம்பரில் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கல்வி அலுவலகத்திலிருந்து ஒயாமா என்ற இளைஞர் வந்திருந்தார். வெளியூர்க்காரர், வேலைக்கு வந்தே சில மாதம்தான். சாராயக் கடை முரானகா கிழவர்தான் ஊர்ச் சங்கத் தலைவர். முதல் ஆளாக எழுந்தார்.

"ஏன் தம்பி, எங்க புள்ளைங்கள அனுப்பிட்டு, புது வீட்டுக்கு வர்றவன் புள்ளைங்கள எங்க அனுப்புவீங்க? அவனுக்கு மட்டும் வாசல்லயே பள்ளிக்கூடம் கட்டுவீங்களோ?"

கூட்டம் சிரித்தது. ஒயாமா வேர்த்து விறுவிறுத்துப் போனார். ஆனால் நல்ல பிள்ளை, யார் என்ன திட்டினாலும் முகம் கோணாமல் எழுதிக்கொண்டார். எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு ஹிசானோ எழுந்தாள்.

"ஒரு வருஷம் மட்டும் தள்ளிப்போட முடியுங்களா? எம்பொண்ணு... அஞ்சாம் வகுப்பு."

அவள் முடிப்பதற்குள் ஒயாமாவின் முகம் மலர்ந்தது. இதற்காவது தன்னிடம் பதில் இருக்கிறதே!

"கவலையே படாதீங்கம்மா. அஞ்சாம் வகுப்புப் புள்ளைங்க எல்லாரும் சேர்ந்துதான் போறாங்க. வீட்டு வாசலுக்கே பஸ் வரும். பாப்பா பேரு என்ன?"

பாப்பா பேரு என்ன! இரண்டு வருஷமாக யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் "பேரு என்னவா இருந்துச்சு" என்கிற மாதிரியே பேசிப் பழகிவிட்டார்கள்.

"கொயோமி" என்றாள். "இகராஷி கொயோமி. வீடு மீன் சந்தைக்குப் பின்னால."

"கொயோமிக்கும் ஒரு இடம் போட்டாச்சு" என்று சிரித்துக்கொண்டே எழுதினார் ஒயாமா.

கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், ஒருத்தராவது வாயைத் திறந்தார்களா? திறந்தால் அந்தப் பையன் முகத்தில் கரி பூசின மாதிரி ஆகிவிடும், ஹிசானோவின் புண்ணைக் கிளறின மாதிரியும் ஆகிவிடும். அவ்வளவு நேரம் கர்ஜித்த முரானகா குனிந்து செருப்பைத் தேடினார். அப்புறமாக யாராவது தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். எங்கள் ஊர் நாகரிகம் அப்படி. கடைசியில் யாரும் சொல்லவில்லை.

ஒரு வருஷமும் கிடைக்கவில்லை. மார்ச் முடிவில் பள்ளியை மூடினார்கள். ஏப்ரலில் மைதானத்தைச் சுற்றி இரும்புத் தகடு அடித்து, சிரித்த முகமாக ஒரு குடும்பம் புது வீட்டு வாசலில் நிற்கும் படத்தை அதில் மாட்டினார்கள். காட்சுமிக்கு அங்கே வேலை ஆரம்பித்தது.

புதுப் பள்ளி திறக்கிற அன்று காலை, மீன் சந்தைக்குப் பின்னால் வெள்ளைப் பேருந்து ஒன்று வந்து ஹிசானோவின் வீட்டு முன்னால் நின்றது. பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவள் துணியும் கையுமாக ஓடிவந்தாள். உள்ளே கொயோமியின் வகுப்புப் பிள்ளைகள், இப்போது ஆறாம் வகுப்பு. ஜன்னலோரம் ஒரு இடத்தைக் காலியாக விட்டுவிட்டு நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநர் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆள். கதவைத் திறந்து, கையிலிருந்த தாளைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இகராஷி கொயோமி! ஓடி வா கண்ணு, முதல் நாளே லேட் பண்ணாத!"

பூட்ஸை மாட்டியும் மாட்டாமலும் காட்சுமி ஹிசானோவின் பின்னால் வந்து நின்றான்.

"கொயோமி செத்துப்போயிட்டாங்கய்யா" என்றான். "ரெண்டு வருஷம் ஆச்சு. எங்க கொயோமி செத்துப்போயிட்டா."

சொல்லிவிட்டு, வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

ஓட்டுநர் இறங்கிவந்து, தொப்பியைக் கழற்றி இடுப்பு மடங்கக் குனிந்தார். "எனக்கு யாருமே சொல்லலீங்க. மன்னிச்சுக்குங்க. இப்பவே பேர அடிச்சுடறேன்" என்று பாக்கெட்டில் பேனாவைத் துழாவினார்.

ஹிசானோ அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிச்சுடுங்க. அதுக்கு முன்னால இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடுங்க. இப்பக் கூப்பிட்டீங்களே, அதே மாதிரி."

அவர் காட்சுமியைப் பார்த்தார். காட்சுமி தலையை ஆட்டினான். ஓட்டுநர் தொண்டையைச் செருமிக்கொண்டு, திறந்திருந்த வீட்டு வாசலைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார். "இகராஷி கொயோமி!"

பிள்ளைகள் அசையவில்லை. ஹிசானோ பதில் சொல்லவேண்டியவள்தான், எத்தனையோ நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்தவள்தான். ஆனால் அவளும் மற்றவர்களைப் போல வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பிள்ளை ஷூ மாட்டிக்கொண்டு ஓடிவர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் எல்லோரும் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை என்று ஆன பிறகு ஓட்டுநர் ஏறிக் கதவை மூடினார்.