ஒரு மீட்டர் தள்ளி

2021 செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் விமலனின் பப் கொரோனாவால் மூடிக் கிடந்து ஒன்றரை வருடத்துக்குப் பிறகு திறந்தபோது குடித்தவர்களுக்குப் போதை ஏறவில்லை. ஒரு மீட்டர் தள்ளி அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஏறியது. அன்று பெரிய பாட்டில் பீர் மலேசியக் காசில் இருபத்திரண்டு வெள்ளி, கோழி வறுவல் பதினைந்து. வறுவல் இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் பப்புக்கு அனுமதி கிடையாது, சாப்பாட்டுக் கடைக்கு உண்டு. அதனால் விமலன் பெயர்ப்பலகையில் இருந்த பீர்க்குவளையின் மேல் வாழையிலைப் படம் ஒன்றை ஒட்டி, மீ கோரேங் நூடுல்ஸ் போட அடுப்பும் வாங்கி வைத்து, இரண்டு ஊசியும் போட்டவர்களை மட்டும் கைப்பேசியைக் காட்டச் சொல்லி உள்ளே விட்டார். தரையில் மஞ்சள் நாடா ஒட்டி, மேசைகளை அளந்து போட்டார். அளவில் தப்பில்லை. பிற்பாடு மூன்று பேர் மூன்று டேப் கொண்டுவந்து அளந்தார்கள், மூன்றிலும் ஒரு மீட்டர்தான்.

முதலில் மாட்டியவர் ஜெயராஜ். ஓய்வுபெற்ற ஆசிரியர், இனிப்புநீர் வியாதி வந்து குடியை விட்டவர், பழகின முகங்களைப் பார்க்கலாமே என்று வந்து சீனி போடாத எலுமிச்சைத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசையில் லோரி டிரைவர் பரமேஸ்வரன். பரமேஸ்வரன் மூன்றாவது பாட்டிலை முடித்தும் கல்லாட்டம் இருந்தார். ஜெயராஜ்தான் எழுந்து தள்ளாடினார், நாற்காலியைப் பிடித்தார், அப்புறம் யாரும் எதிர்பாராமல் “சீதா, சீதா” என்று தேம்பித் தேம்பி அழுதார். சீதா என்று ஒருத்தியை அவருக்குத் தெரியாது. வீட்டில் அவர் மனைவி வாயை ஊதச் சொன்னபோது எலுமிச்சை வாசம்தான் வந்தது. தள்ளாட்டத்தை மன்னித்த அந்த அம்மா, சீதா யார் என்ற கேள்வியை மட்டும் இன்றுவரை விடவில்லை, பாவம் மனுஷன்.

சீதாலெட்சுமி பரமேஸ்வரனின் மனைவி. அந்த வருடம் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் கிள்ளானில் இருக்கும் அண்ணன் குணாளன் வீட்டுக்குப் போனார். மறுநாள் மாவட்ட எல்லைகளை மூடினார்கள். கூட வேலை செய்தவனுக்குக் காய்ச்சல் கண்டதால் பரமேஸ்வரனின் மணிக்கட்டில் தனிமைப்படுத்தலுக்கான இளஞ்சிவப்புப் பட்டை மாட்டி வீட்டில் இருத்தினார்கள். அங்கே சீதாவுக்குக் காய்ச்சல் வந்தது, மருத்துவமனைக்குப் போனார், ஒன்பதாம் நாள் இறந்தார். மின்சுடலையில் நடந்ததைப் பரமேஸ்வரன் கைப்பேசியில் பார்த்தார். பெட்டி உள்ளே போகும் நேரம் படம் உறைந்து, திரும்பி வந்தபோது வெறும் சுவர் தெரிந்தது. அதற்குப் பிறகு எட்டு மாதம் அவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. குணாளன் அவரோடு பேசுவதை நிறுத்தினார். கட்டினவன் வரவில்லை என்று கிள்ளான் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போதை ஏன் இடம் மாறியது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு, ஒன்றும் உருப்படியில்லை. பூசைதான் காரணம் என்பது விமலனின் கட்சி. செப்டம்பர் பதினேழில் புரட்டாசி பிறக்கிறது, பிறந்துவிட்டால் ஒரு மாதத்துக்கு ஒரு தமிழனும் கறியையோ குவளையையோ தொடமாட்டான், அதற்குள் திறந்துவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம். வழக்கமாக வரும் ஐயரோ கிள்ளானில் தனிமைப்படுத்தலில் கிடந்தார். ஆகவே பூசை வீடியோ காலில் நடந்தது. திரையில் ஐயர் வலக்கையைத் தூக்கினால், விமலன் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் இடக்கையைத் தூக்கினார். பூசணிக்காயை எல்லாம் எதிர்ப்பக்கமாகச் சுற்றி உடைத்துவிட்டார். “நான் சொன்னது ஒண்ணு, நீங்க செஞ்சது ஒண்ணு லா விமலன்,” என்று ஐயர் பிறகு சலித்துக்கொண்டார். புரட்டாசி கழிந்ததும் அக்டோபர் இருபத்து நான்காம் தேதி தானே வந்து சரியாகச் செய்து தருவதாகவும், அதன்பின் குடித்தவனுக்கே ஏறும் என்றும் சொன்னார்.

அதுவரை குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை. காசு கொடுத்தவன் தெளிவாக வீட்டுக்குப் போனான், மீ கோரேங் சாப்பிட வந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு போனான். சாலையில் ஊதச் சொன்ன போலீஸ்காரர்கள், ஆடுகிறவனிடம் பூஜ்யத்தையும் நேராக நிற்கிறவனிடம் பெரிய எண்ணையும் பார்த்து, இயந்திரத்தைத் தட்டித் தட்டிக் கடைசியில் இருவரையும் அனுப்பிவிட்டார்கள். போதையோடு மனசில் இருப்பதும் கூடவே போனது. வேலை போனவன் குடித்தால் பக்கத்து மேசைக்காரன் முதலாளியைத் திட்டினான். தன் எதிரே யாரோ தன் வயிற்றெரிச்சலைச் சொல்லி அழுவதைப் பார்த்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் வறுவலைக் கிளறிக்கொண்டிருந்தவர்கள் பலர்.

பரமேஸ்வரனுக்கு ஜெயராஜைப் பார்த்தால் பொறாமையாக இருந்தது. என் பெண்டாட்டிக்கு எவனோ அழுகிறான், எனக்கு வரமாட்டேன் என்கிறதே என்று வெட்கமும் சேர்ந்துகொண்டது. பூசையைச் சரிசெய்துவிட்டால் இந்த வழியும் அடைபட்டுவிடும் என்று தெரிந்ததால், புரட்டாசி என்றும் பார்க்காமல் தினமும் வந்து, குடிக்கிறவன் எவனாவது இருந்தால் அவன் பக்கத்தில் வெறும் தண்ணீரோடு உட்கார்ந்தார். ஒரு நாள் அழுகை வந்தது. அது சுங்கை பூலோக்காரர் ஒருவரின் செத்துப்போன பூனைக்காக. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தார்.

ஐயர் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, குணாளன் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்தார். மருத்துவமனையில் கொடுத்த சீதாவின் பையை ஒப்படைக்க வேண்டும். பரமேஸ்வரனின் வீட்டுப் படி ஏற மனமில்லாமல் பப்புக்கு வரச் சொல்லியிருந்தார். ஒரே மேசையில் இருவர் உட்காரக் கூடாது என்பதால் மஞ்சள் நாடாவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். பையைத் தள்ளிவைத்த குணாளன் முகத்தைப் பார்க்காமல் ஒரு பெரிய பாட்டில் கேட்டார். பைக்குள் மூக்குக்கண்ணாடி இருந்தது. அதன் ஒரு கை உடைந்து, பரமேஸ்வரனே டேப் சுற்றிக் கொடுத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டும் அவருக்குக் கண் காய்ந்தே இருந்தது.

குணாளன் முக்கால் பாட்டில் குடித்தபோது பரமேஸ்வரனின் தலை சுற்றியது. அவர் வாய் தானாகப் பேசியது. “நான்தான் கூப்பிட்டேன். வேணாண்ணே, கேஸ் கூடிக்கிட்டே இருக்குன்னு சொன்னா. நான்தான் பொங்கலுக்கு வந்தே ஆவணும்னு அடம் புடிச்சேன். என் வீட்டுலதான் அவளுக்கு ஒட்டுச்சு.” இத்தனை நாள் கிள்ளான் முழுக்கப் பரமேஸ்வரனைத் திட்டிக்கொண்டிருந்த மனுஷன் தன் குற்றம் அடுத்த மேசையில் கேட்பதைக் கேட்டு வெளிறிப்போனார். பரமேஸ்வரன் அழுதார். எட்டு மாதமாக வராதது மூக்கிலும் வாயிலும் வழிந்தது. அது அண்ணனின் அழுகையா புருஷனின் அழுகையா என்று பப்பில் இருந்த யாராலும் சொல்ல முடியவில்லை, அவராலும் முடியவில்லை. பிறகு பரமேஸ்வரன் கையை நீட்டி மீதிப் பாட்டிலை எடுத்துக் குடித்தார். உடனே குணாளன் தன் வெறும் மணிக்கட்டைப் பிறாண்டிக்கொண்டு, “அந்தப் பட்டைய அறுத்துப் போட்டுட்டு ஓடியிருக்கணும், ஜெயிலுக்குப் போனாலும் மொகத்தப் பாத்திருப்பேன்,” என்று குலுங்கினார். விமலன் அடுப்பை அணைத்துவிட்டு ஐயருக்குப் போன் செய்து, நாளைக்கு வர வேண்டாம் என்று சொன்னார்.

அதற்கடுத்த மே மாதம் எல்லாக் கட்டுப்பாடும் போய், பப் என்றே பலகை மாட்ட அனுமதி வந்தது. மற்ற கடைகளில் மேசைகளை ஒட்டிப் போட்டார்கள். விமலனுடைய மேசைகள் அதே ஒரு மீட்டரில் நிற்கின்றன, மஞ்சள் நாடாவை நான்கு முறை மாற்றியாகிவிட்டது. பீர் இப்போது இருபத்தெட்டு வெள்ளி. யார் பக்கத்தில் உட்காருவது என்று பார்த்து உட்காரக் கடைக்கு வருகிறவர்கள் பழகிவிட்டார்கள், ஜெயராஜ்கூட. சனிக்கிழமை தோறும் குணாளன் கொமுட்டரில் வருகிறார். இருவரும் ஆளுக்கொரு மேசையில் அமர்ந்து கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசுகிறார்கள். பிறகு யாராவது ஒருவர் சொல்வார்; போன வாரம் பரமேஸ்வரன் சொன்னார்.

“இன்னிக்கு நீ குடி மச்சான். எனக்கு அழணும் போல இருக்கு.”

குணாளன் விமலனைப் பார்த்துக் கையைத் தூக்கி, ஒரு பெரிய பாட்டில் கேட்டார்.